நிக் சேனலின் ஆரஞ்சுத் தெறிப்பு: லோகோ மாறிய கதை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை சாலைப் பக்கம் எனக்கு ஒரு சின்ன போர்டு கடை இருக்கிறது. முன்பு முழுநேரமும் பிரஷ்தான். இப்போது பாதி நாள் கம்ப்யூட்டரில் போகிறது. மே மாதம் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பும் எடுக்கிறேன். நர்சரி பள்ளிச் சுவர், ஸ்கூல் வேன், பிறந்தநாள் ஃபிளக்ஸ் என்று எந்த வேலை வந்தாலும் கார்ட்டூன் சேனல் லோகோ பற்றிய பேச்சு வந்துவிடும். அதிலும் நிக்கலோடியன் சேனலின் லோகோவான, பெயின்ட் சிதறியது போன்ற அந்த ஆரஞ்சுத் தெறிப்பைப் பற்றித்தான் அதிகம். வகுப்புப் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிவரும் அம்மாக்கள், டிசைன் படிக்கும் தம்பிகள், கேபிள் காசு வாங்க வரும் அண்ணன் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்டதை, கேட்ட வாக்கிலேயே இங்கே எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன்.

நிக், நிக்கலோடியன் ரெண்டும் ஒரே சேனலாங்க? பேருக்கு என்ன அர்த்தம்?

ஒன்றுதான். நீளமான பெயரைச் சுருக்கி நிக் என்கிறார்கள். நிக்கல் என்பது அமெரிக்காவின் 5 சென்ட் நாணயம். ஒடியன் என்பது பாட்டு, கூத்து நடக்கும் அரங்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1905இல் பிட்ஸ்பர்க் நகரத்தில் ஹாரி டேவிஸ், ஜான் ஹாரிஸ் என்ற இருவர் ஒரு சின்ன இடத்தில் படம் காட்டி, தலைக்கு ஒரு நிக்கல் வாங்கினார்கள். அந்தக் கொட்டகைக்கு வைத்த பெயர்தான் நிக்கலோடியன். நம் ஊர் டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சேனலுக்கு அந்தப் பெயர் வந்தது 1979இல். இந்தியாவுக்கு நிக் வந்தது 1999இல்.

மொதமொதல்ல லோகோ எப்படி இருந்துச்சு?

தெறிப்பாக இல்லை. 1977 டிசம்பரில் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரத்துக் கேபிளில் பின்வீல் என்ற பெயரில் இது தொடங்கியது. பின்வீல் என்றால் நம் தேர்த்திருவிழாவில் விற்கும் காகிதக் காத்தாடி. 1979 ஏப்ரல் 1 அன்று நிக்கலோடியன் என்று பெயர் மாற்றி நாடு முழுக்கக் கொடுத்தார்கள். அப்போதைய லோகோவில், பழைய படப்பெட்டிக்குள் ஒரு மனிதர் குனிந்து பார்ப்பது போல வரைந்திருந்தார்கள். பெயரின் பொருளை அப்படியே படமாக்கிய லோகோ அது.

1981இல் வெள்ளி நிறத்தில் பளபளக்கும் ஒரு பெரிய உலோகக் குண்டும், அதன் மேல் வானவில் நிற எழுத்துகளும் வந்தன.

வெள்ளிக் குண்டு பாக்க நல்லாத்தானே இருக்கு? ஏண்ணா தூக்குனாங்க?

அந்தச் சமயம் சேனல் நன்றாகப் போகவில்லை. அமெரிக்கக் கேபிள் சேனல்களின் பார்வையாளர் கணக்கில் அடிமட்டத்தில் கிடந்தது. 1984இல் ஜெரால்டின் லேபோர்ன் பொறுப்புக்கு வந்தபோது, ஃபிரெட் சீபர்ட், ஆலன் குட்மேன் என்ற இருவரிடம் சேனலின் தோற்றத்தை ஒப்படைத்தார்கள். இருவரும் அதற்கு முன் எம்டிவி என்ற பாட்டுச் சேனலில் இருந்தவர்கள். எம்டிவியின் பெரிய எம் எழுத்து ஒரு நாள் செங்கல்லாக, ஒரு நாள் வரிக்குதிரைத் தோலாக வரும், உருவம் மட்டும் மாறாது. அந்தப் பழக்கத்தோடுதான் இங்கே வந்தார்கள்.

தொழில்காரனாக என் கருத்தையும் சொல்கிறேன். வெள்ளிக் குண்டின் அழகெல்லாம் அதன் பளபளப்பில் இருக்கிறது. ஜெராக்ஸ் எடுத்தால் சாம்பல் உருண்டை. ரப்பர் ஸ்டாம்ப் ஆக்கினால் கறுப்புப் பொட்டு. ஒரே நிறத்தில் நிற்காத லோகோ கஷ்ட காலத்தில் கைகொடுக்காது. டிசைன் படிக்க வரும் தம்பிகளிடம் நான் முதலில் கேட்பதே இதைத்தான்: "கலரை எடுத்துட்டுக் காட்டு."

தெறிப்பை வரைஞ்சது அந்த ரெண்டு பேர்தானா?

யோசனைக்கும் ஒட்டுமொத்தத் திட்டத்துக்கும் சீபர்ட்டும் குட்மேனும். வரைந்து கொடுத்தவர்கள் டாம் கோரி, ஸ்காட் நாஷ். பாஸ்டன் நகரத்து டிசைனர்கள்.

தெறிப்புக்குள் இருக்கும் தடித்த எழுத்து பலூன் என்ற எழுத்துருவை ஒட்டியது. 1939இல் மேக்ஸ் காஃப்மன் வரைந்தது. காமிக்ஸில் பாத்திரங்கள் பேசும்போது வாய்க்குப் பக்கத்தில் ஒரு குமிழ் வருமே, அதற்குள் எழுதுகிற கையெழுத்தைப் பார்த்துச் செய்த எழுத்து. அதனால்தான் படிக்கும்போதே யாரோ கூவுவது போலக் காதில் விழுகிறது. ஒரே கோட்டில் நிற்காமல் எழுத்துகள் கொஞ்சம் மேலும் கீழுமாகத் துள்ளியிருக்கும்.

மாமா, ஒரு தடவ நாய் மாதிரி வருது, ஒரு தடவ ராக்கெட் மாதிரி வருது. எது ஒரிஜினல்?

இதை என்னிடம் கேட்டவள் இரண்டாம் வகுப்புப் பாப்பா. இந்தப் பக்கத்திலேயே நல்ல கேள்வி இதுதான்.

பதில்: எல்லாமே ஒரிஜினல். தெறிப்பு என்பது அந்த லோகோ எடுத்த பல உருவங்களில் ஒன்று. மீன், எலும்புத் துண்டு, மேகம், வானக் கப்பல், கால்தடம் என்று எந்த உருவமும் எடுக்கலாம். இரண்டு மட்டும் மாறக்கூடாது. உருவம் முழுக்க ஒரே ஆரஞ்சாக இருக்க வேண்டும். உள்ளே அதே வெள்ளை எழுத்து இருக்க வேண்டும்.

நிக்கலோடியன் என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் 11 எழுத்து. போர்டு எழுதுகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று எனக்குத் தெரியும். நீளமான பெயர், ஆனால் கொடுத்த இடம் சதுரம் என்றால் எழுத்தைக் குறுக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு வரியாக உடைக்க வேண்டும். இங்கே பின்னணியே இழுத்த இழுப்புக்கு வருகிறது. நீள இடம் கிடைத்தால் மீன், உயர இடம் கிடைத்தால் ராக்கெட். எழுத்தை யாரும் நசுக்க வேண்டியதில்லை. விளையாட்டு போலத் தெரியும் இந்த விதி, வேலை செய்கிறவனின் பக்கத்திலிருந்து பார்த்தால் பெரிய உதவி.

மாறிக்கிட்டே இருந்தா ஜனங்களுக்கு எப்படிங்க அடையாளம் தெரியும்?

நம் ஊர்ச் சுவர்களைப் பாருங்கள். தேர்தல் வந்தால் உதயசூரியனும் இரட்டை இலையும் ஊர் ஊராக வேறு வேறு கையால் வரையப்படுகின்றன. பர்கூரில் வரைந்த மலைக்கும் பாலக்கோட்டில் வரைந்த மலைக்கும் உயரம் ஒன்றாக இருக்காது. கதிர்களை எண்ணினால் கணக்கு ஒத்துவராது. யாராவது சின்னம் தெரியாமல் நின்றிருக்கிறார்களா? இரண்டு மலைக்கு நடுவே சூரியன், காம்பு சேர்ந்த இரண்டு இலை, அவ்வளவு போதும். மனசு பிடித்துவைப்பது அளவை அல்ல, அமைப்பை.

நிக் செய்ததும் அதுதான். மாறாத இரண்டை இறுக்கிப் பிடித்ததால் மற்றதை அவிழ்த்துவிட முடிந்தது. நிறமும் மாறி எழுத்தும் மாறியிருந்தால் நீங்கள் சொல்வது நடந்திருக்கும்.

ஏன் ஆரஞ்சு? சிவப்பு, நீலம்லாம் இல்லையா?

எந்தப் பின்னணியோடும் ஒத்துப்போகாத நிறம் என்பதால்தான் அதைப் பிடித்தார்கள். காட்சியில் வானம் இருக்கும், புல் இருக்கும், பள்ளிக்கூடச் சுவர் இருக்கும். ஆரஞ்சு எதிலும் கரையாமல் துருத்திக்கொண்டு நிற்கும். நீல வானத்தின் மேல் ஆரஞ்சை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். நிற வட்டத்தில் அவை எதிரெதிரே இருக்கின்றன.

எனாமல்ல அந்த ஆரஞ்சு வரவே மாட்டேங்குதுண்ணா. ஃபிளக்ஸ்லயும் மங்கலா அடிக்குது.

அச்சு வேலையில் பான்டோன் என்ற நிறப் பட்டியலை வைத்து, அதற்கு பான்டோன் 021 ஆரஞ்சு என்று எண் சொல்வார்கள். அது தனி மை. மஞ்சளையும் மெஜந்தாவையும் கலந்து எடுக்கிற ஆரஞ்சு அந்தப் பிரகாசத்துக்கு வராது. ஃபிளக்ஸ் மெஷின் சயான் (வெளிர் நீலம்), மெஜந்தா (கருஞ்சிவப்பு ரோஸ்), மஞ்சள், கறுப்பு என்ற நாலு மையை வைத்துத்தான் எல்லாம் செய்கிறது, அதனால் கொஞ்சம் மங்கத்தான் செய்யும். சயானையும் கறுப்பையும் சுத்தமாகப் பூஜ்யமாக்குங்கள். மஞ்சள் 100, மெஜந்தா 60 பக்கம் வைத்து ஒரு துண்டு அடித்துப் பாருங்கள். கறுப்பு 5 சதவீதம் ஒளிந்திருந்தாலும் செங்கல் நிறம் ஆகிவிடும்.

எனாமலில் கோல்டன் யெல்லோவை அடிப்படையாக வைத்து, சிக்னல் ரெட்டைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சிவப்பில் மஞ்சளை ஊற்றினால் டப்பா காலியாகும்வரை ஊற்ற வேண்டியதுதான். வெளுப்பாக்க வெள்ளை சேர்க்காதீர்கள், செத்துப்போய்விடும். வெள்ளை அடியில் இருக்கட்டும்: முதலில் சுவரில் வெள்ளை ஒரு கோட், காய்ந்த பிறகு மேலே ஆரஞ்சு. மஞ்சளும் ஆரஞ்சும் அடியில் இருப்பதை மறைக்காத நிறங்கள். பழைய பச்சைச் சுவர் மேல் நேராக அடித்தால் எத்தனை கோட் அடித்தாலும் அழுக்காகவே தெரியும்.

தெறிப்பு வரையிறது சுலபம்தானே சார்? கண்டபடி இழுத்துவிட்டா போதாதா?

வகுப்பில் இதைச் சொன்ன பையனிடம் உடனே வரையச் சொன்னேன். சூரியன் வந்தது. சுற்றிலும் நீட்டிய எட்டுக் கை, எட்டும் ஒரே நீளம், ஒரே இடைவெளி. கண்டபடி வரைவதாக நினைத்துக்கொண்டு கை தானாகவே ஒழுங்கு போட்டுவிடுகிறது. பெரியவர்கள் கையும் அப்படித்தான்.

அதனால் நான் பென்சிலைக் கொடுப்பதில்லை. தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, நீர்த்த பெயின்ட்டில் நனைத்த துணி உருண்டையைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அடிக்கச் சொல்வேன். நேராக மேலிருந்து விழுந்தால் சுற்றிலும் குட்டைக் கைகள் வரும். பக்கவாட்டில் வீசினால் ஒரு பக்கம் மொட்டையாக, எறிந்த திசையில் கைகள் நீண்டிருக்கும். சுவரில் மாட்டிய தாள் மேல் அடித்தால் கீழ்ப்பக்கம் வழியும். கைகளின் நுனி எப்போதும் உருண்டு தடித்திருக்கும், கழுத்து மெலிந்திருக்கும். இரண்டு கைக்கு நடுவே உள்ள வளைவு உள்வாங்கி இருக்கும். ஒன்றிரண்டு சொட்டு பிரிந்து தனியாகக் கிடக்கும். இதைப் பார்த்து, மேலே டிரேசிங் தாள் வைத்து எடுத்தால் அப்புறம் சூரியன் வராது. ஒரு பாப்பா அதைப் பார்த்துவிட்டு, "எங்க ஆயா வரட்டி தட்டுன சுவரு மாதிரியே இருக்கு" என்றாள். சரியாகப் பார்த்திருக்கிறாள். விரல் பதிந்த வரட்டியும் கையின் வேகத்தைக் காட்டும் உருவம்தானே.

தெறிப்பின் நடுவில் எழுத்துக்குத் தாராளமாக இடம் விடுங்கள். கை ஆறு போதும், எழுத்து நெருக்கினால் ஐந்தாக்குங்கள்.

அந்த சேனல்ல மேல ஊத்துற ஸ்லைம் பச்சை ஆச்சே. லோகோ மட்டும் ஏன் ஆரஞ்சு?

இரண்டும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள். ஸ்லைம் என்ற அந்தப் பச்சைக் குழம்பு கனடாவின் ஒட்டாவாவில் 1979இல் தொடங்கிய ஒரு நிகழ்ச்சியிலிருந்து வந்தது. அதில் யாராவது "எனக்குத் தெரியாது" என்று வாய்விட்டால் தலையில் பச்சைக் குழம்பு விழும். நிக் அந்த நிகழ்ச்சியை வாங்கி ஒளிபரப்ப, பச்சைக் குழம்பு சேனலின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஆரஞ்சு பிற்பாடு, 1984 லோகோவோடு வந்தது. தெறிப்பைப் பச்சையில் அடித்துத் தரச் சொல்லிப் பிறந்தநாள் ஃபிளக்ஸுக்கு வருபவர்கள் உண்டு. அது ஸ்லைம் ஆகுமே தவிர லோகோ ஆகாது.

அவ்ளோ நல்லா இருந்ததை 2009ல எடுத்துட்டு வெறும் எழுத்தா ஏன் ஆக்குனாங்க?

குடும்பம் பெரிதாகிவிட்டது. நிக் ஜூனியர், டீன்நிக், நிக்டூன்ஸ், நிக் அட் நைட் என்று பல சேனல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி லோகோ. 2009 செப்டம்பர் 28 அன்று எல்லாவற்றுக்கும் ஒரே பாணியில், உருண்டையான ஆங்கிலச் சின்ன எழுத்தில் (ஸ்மால் லெட்டர்) பெயரை எழுதிக் கொடுத்தார்கள். வடிவமைத்தவர் எரிக் ஜிம். தெறிப்பு போய் ஆரஞ்சு எழுத்து மட்டும் மிஞ்சியது. இந்திய நிக்கில் அந்த மாற்றம் 2010இல் வந்தது. ஆக, மோட்டு பட்லு 2012இல் வந்தபோது பார்க்க ஆரம்பித்த பிள்ளைகளுக்கு நிக் என்றால் இந்த எழுத்துதான். தெறிப்பை நினைவு வைத்திருப்பவர்கள் அவர்களுடைய அண்ணன், அக்காமார்.

குடும்பத்துக்கு ஒரே சாயல் வேண்டும் என்ற காரணம் நியாயமானது. எனக்கு வருத்தம் வேறு இடத்தில். முன்பு பின்னணி ஆரஞ்சு, எழுத்து வெள்ளை, எந்தப் படத்தின் மேல் வைத்தாலும் தன் சுவரைத் தானே கொண்டுவரும். பின்னணி போனதும் எழுத்து மற்றவர் சுவரில் நிற்க வேண்டியதாயிற்று. வெளிர் மஞ்சள் காட்சி வந்தால் ஆரஞ்சு எழுத்து தேய்ந்துவிடும்.

நிக் ஜூனியர்ல மட்டும் எதுக்கு நீலம்?

ஆரஞ்சு பெரியவர், நீலம் குட்டி. முன்பு அந்த லோகோவில் பெரிய ஆரஞ்சு உருவமும் பக்கத்தில் சின்ன நீல உருவமும் ஜோடியாக வரும். அம்மா யானையும் குட்டியும் போல. 2009க்குப் பிறகு உருவம் போனாலும் நிறங்கள் எழுத்தில் தங்கிவிட்டன.

கார்ட்டூன் நெட்வொர்க் லோகோவும் இவங்க வேலைன்னு சொல்றாங்களே, நெசமா?

நிஜம்தான். கோரியும் நாஷும் நடத்திய அதே பாஸ்டன் நிறுவனம், பிற்பாடு கோரி மெக்ஃபர்சன் நாஷ் என்ற பெயரில், 1992இல் கார்ட்டூன் நெட்வொர்க்கின் கறுப்பு வெள்ளைக் கட்ட லோகோவைச் செய்தது. இரண்டு வேலைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் கார்ட்டூன் 7 எழுத்து, நெட்வொர்க் 7 எழுத்து. மேலே ஏழு கட்டம், கீழே ஏழு கட்டம், தாயக்கட்டம் போலப் பொருந்திவிட்டது. நிக்கலோடியனின் 11 எழுத்து எந்தக் கட்டத்திலும் அடங்காது, அதற்குத் தெறிப்பு. ஒரே கைகள், பெயருக்கு ஏற்ற வழி.

கட்ட லோகோ 2004இல் இரண்டே எழுத்தாகச் சுருங்கியது. 2010இல் கட்டங்கள் திரும்ப எட்டிப் பார்த்தன.

எங்க ஆயாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனா பேரனுக்குச் சேனலைச் சரியா வெச்சுடுது. எப்படி?

திரை ஓரத்து லோகோ அதற்காகத்தான் இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு தமிழ், தெலுங்கு, கன்னடம் மாறும். வேப்பனஹள்ளிப் பக்கம் ஒரே தெருவில் மூன்றும் கேட்கும். நிக்கைத் தமிழிலும் தெலுங்கிலும் கேட்கலாம், லோகோ மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். பழைய குண்டு டிவி காலத்தில் கேபிள் படம் கலங்கலாக வரும், மெல்லிய எழுத்து கசிந்துவிடும். எழுத்து போனாலும் ஆரஞ்சு மிஞ்சும். 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்து, பிறகு செட்டாப் பாக்ஸும் வந்து சேனல் எண்ணிக்கை ஏறியபோது, எண் மாறி மாறித் தொலைந்ததே தவிர நிறம் தொலையவில்லை. உங்கள் ஆயா படிப்பது எழுத்தை அல்ல, ஆரஞ்சை.

2023ல திரும்ப வந்தது பழைய தெறிப்பேதானா?

முழுக்க அல்ல. 2023 மார்ச் மாதம், நிக் நடத்தும் கிட்ஸ் சாய்ஸ் விருது விழாவையொட்டித் தெறிப்பு திரும்பியது. ரோஜர் என்ற ஸ்டூடியோ அதில் வேலை செய்தது. வெளியே தெறிப்பு, உள்ளே பழைய பலூன் எழுத்து இல்லை, 2009 எழுத்தின் சாயலில் வெள்ளைச் சின்ன எழுத்து. அதாவது அப்பாவின் சட்டைக்குள் மகன். கைகளும் முன்பைவிட வழுவழுப்பாக உருண்டிருக்கின்றன. போன் திரையில் விரல் நுனி அளவு படமாக நிற்க வேண்டிய காலத்தில், தன் சுவரைத் தானே கொண்டுவரும் உருவம் மறுபடி தேவைப்பட்டிருக்கிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

எங்க நர்சரி சுவத்துல தெறிப்பை வரைஞ்சு உள்ள நம்ம ஸ்கூல் பேரைப் போட்டுத் தருவீங்களா?

தரமாட்டேன். முன்பு தெரியாமல் ஒரு வேன் மேல் வரைந்து கொடுத்திருக்கிறேன், இப்போது செய்வதில்லை. லோகோ பதிவு செய்யப்பட்ட வணிகக்குறி. 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிகள் சட்டப்படி, அடுத்தவர் குறியைப் பொய்யாகத் தன் சரக்குக்கோ சேவைக்கோ போட்டுக்கொண்டால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. டி-ஷர்ட்டில் அடித்து விற்பதும் இதில் சிக்கும். பிள்ளைகள் வகுப்பில் வரைந்து பழகுவது வேறு விஷயம், அதைத் தாராளமாகச் செய்யட்டும்.

பழைய 1984 லோகோ இப்ப யாரும் பயன்படுத்தலையே, அதை எடுத்துக்கலாமில்ல?

முடியாது. வணிகக்குறிப் பதிவை 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஓவியத்துக்கான காப்புரிமையும் நம் சட்டத்தில் வரைந்தவரின் ஆயுள், அதற்கு மேல் 60 ஆண்டு. கைவிட்டார்கள் என்று நினைத்த தெறிப்பு 14 ஆண்டு கழித்துத் திரும்பியதை மேலே பார்த்தோம்.

ஆனால் நாய், ராக்கெட் கேள்விக்குச் சொன்ன அந்த விதி இருக்கிறதே, மாறாதது இரண்டு, மற்றதெல்லாம் இஷ்டம், அது யாருக்கும் சொந்தமில்லை. வேன் வேலைக்குப் பிறகு இன்னொரு நர்சரிக்கு அதைத்தான் செய்தேன். கிருஷ்ணகிரி ஆயிற்றே, மாம்பழத்தை எடுத்துக்கொண்டோம். எல்கேஜி அறைக் கதவில் மாம்பழம் மீனாகிறது, யுகேஜியில் பேருந்தாகிறது, விளையாட்டுத் திடல் சுவரில் யானை. கோல்டன் யெல்லோவும் காம்பில் ஒரு பச்சை இலையும் மட்டும் எல்லாவற்றிலும் உண்டு. கழிப்பறைக் கதவில் மாம்பழம் வாளியாகிறது. மூன்று வயதுப் பிள்ளைகள் யாரையும் கேட்காமல் சரியான கதவுக்குப் போகிறார்கள்.